பதினோராவது குச்சி

எங்கள் ஊரில் தீ நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு. அவ்வளவு சரியாக எப்படிச் சொல்கிறேன் என்றால், என் டீக்கடையில் அப்போது பால் பொங்கி வந்தது, பொங்கி வந்த பால் பாத்திரத்தின் விளிம்பைத் தொடாமலேயே இறங்கிப்போனது, குனிந்து பார்த்தால் அடுப்பில் நீலமும் இல்லை மஞ்சளும் இல்லை, சிலிண்டர் மட்டும் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் எதிரே இருக்கும் நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பில், ரூபவதி டீச்சர் எரிகிற மெழுகுவர்த்தி மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டும் சோதனைக்காக ஒரு தீக்குச்சியை உரசி, அது பற்றாமல் இன்னொன்றை உரசி, அதுவும் பற்றாமல் மற்றொன்றை உரசி, இப்படிப் பதினான்கு குச்சிகளை உரசி முடித்துவிட்டு, கவிழ்க்க எடுத்த டம்ளரைத் திரும்ப மேசையில் வைத்தார். எரிவதற்கு மூன்று வேண்டும், எரிகிற பொருள், ஆக்ஸிஜன், எரிவெப்பநிலை என்று அவர் கரும்பலகையில் அழகாக எழுதியிருந்தார். மூன்றும் இருந்தன. தீதான் இல்லை.

ரூபவதி டீச்சர் எதையும் தூக்கிப் போடாத பெண்மணி. அந்தப் பதினான்கு குச்சிகளையும் ஒரு பாட்டிலில் போட்டு, தேதி, நேரம், 'பற்றவில்லை' என்று காகிதத்தில் எழுதி ஒட்டி, அலமாரியில் வைத்தார். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. எங்கள் ஊர் தீப்பெட்டி ஊர். பாதிப் பேர் குச்சிக்கு மருந்து முக்குகிறவர்கள், மீதிப் பேர் பெட்டி அடைக்கிறவர்கள், அவர்களுக்கு டீ போடுகிறவன் நான். பேசத் தெரிந்த நாளிலிருந்து எங்களுக்குத் தெரிந்த ஒரே சட்டம், பற்றாத குச்சி குச்சியே இல்லை என்பதுதான். ஆபீஸில் சோதனைக்கு உரசும் குச்சி பற்றாவிட்டால், நமுத்துப்போச்சு என்று தோளுக்குப் பின்னால் எறிவார்கள், எங்கே விழுந்தது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தீப்பெட்டி ஆலைக்கு எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர்.

முதல் நாள் ஊரே தெருவில் நின்றது. இரண்டாம் நாள் அம்மனுக்குக் கோபம் என்றார்கள். மூன்றாம் நாள் அம்மனை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள், ஏனென்றால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் தீ வழக்கம்போல எரிகிறது என்று அதற்குள் தெரிந்துவிட்டது. நான் கடையைப் பெயர்த்துக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். பெண்கள் அரிசியும் அடுப்புமாக அங்கே வந்து, தண்டவாளத்தின் ஓரத்தில் வரிசையாகக் கல் கூட்டிப் பொங்கி, பானையைத் துணி சுற்றி மொபெட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் பீடி குடித்துக்கொண்டு வருகிறவர்களின் வாயில் கேட் தாண்டியதும் பீடி தானாக அணைய, கண்டக்டர் அதையே அடையாளமாக வைத்து ஸ்டாப்பிங் பேர் சொல்லாமல் விசில் ஊதினார். பூசாரி சூடத்தட்டில் செல்போன் டார்ச்சை வைத்துச் சாமிக்குக் காட்டினார், கும்பிட்டவர்கள் அதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். செத்தவர்களைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கிப்போய் எரித்தோம், மற்றபடி சாவில் ஒரு குறையும் இல்லை.

மூச்சு விடுவதும் ஒருவகையில் எரிதல்தான், தின்ற சோறு உடம்புக்குள்ளே ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல எரிவதால்தான் நமக்குச் சூடு இருக்கிறது என்று டீச்சர் வகுப்பில் சொன்னது, பிள்ளைகள் வழியாக ஊருக்குள் போனபோதுதான் ஒருநாள் பெரிய பயம் வந்தது. நர்ஸ் வீட்டு வாசலில் வரிசை நின்றது. எல்லோர் உடம்பிலும் தொண்ணூற்றெட்டுப் புள்ளி நாலு டிகிரி இருந்ததும் பயமும் போய்விட்டது. ஆபீஸ்கள்கூட ஒரு நாளும் மூடவில்லை. பெட்டியெல்லாம் வடக்கே போகிறது, வடக்கே போய்ப் பற்றினால் போதாதா என்று முதலாளிமார் சொன்னார்கள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

ஆனால் கை சும்மா இருக்குமா? தீ வந்துவிட்டதா பார்ப்போம் என்று நடக்கிறவன் நின்று உரசினான், நிற்கிறவன் உட்கார்ந்து உரசினான். கூரைமேல் எறிந்தார்கள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள், காது குடைந்தார்கள், பாய்க்கடியில் தள்ளினார்கள். எங்கள் ஊரில் அவ்வளவு குச்சி உரசியதும் இல்லை, அவ்வளவு அலட்சியமாக எறிந்ததும் இல்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. சாயங்காலம் நாலு பத்து.

என் வீட்டுக்கு அடுத்த வீடு சண்முகத்தாய் வீடு. பெட்டி அடைக்கிறவள், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், அதிகம் பேச மாட்டாள். புருஷன் பேச்சிமுத்து லாரியில் சரக்கு ஏற்றுகிறவன், சனிக்கிழமை மத்தியானமே குடித்துவிட்டு வருவான். இரண்டு வீட்டுக்கும் பின்வாசல் ஒன்றை ஒன்று பார்த்திருக்கும், நடுவே இடுப்பளவு சுவர். நான் கை கழுவப் பின்பக்கம் வந்தேன். கத்தல் ஒன்றும் கேட்கவில்லை. சரக், சரக் என்று பெட்டியில் குச்சி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகுதான் மண்ணெண்ணெய் வாடை வந்தது.

சுவருக்கு மேலே பார்த்தேன். அவள் தலையிலிருந்து பாதம்வரை நனைந்து சுவரோரம் நின்றாள். அவன் முன்னால் நின்று ஒரு குச்சியை உரசி, பற்றாத குச்சியை அவள்மேலேயே எறிந்தான். அது அவள் தோளில் பட்டுச் சேலை மடிப்புக்குள் போனது. நான் சுவரைத் தாண்டிக் குதித்துப் பெட்டியைப் பிடுங்கினேன்.

"என்னல செய்யிற?"

"பத்த மாட்டேங்கு அண்ணாச்சி" என்றான், சரக்கு சரியில்லை என்று கடையில் குறை சொல்கிறவன் மாதிரி. சோறு ஆறிப்போயிருந்ததாம், அதுதான் காரணம். ஊரே மூன்று நாளாக ஆறின சோற்றைத்தான் தின்றுகொண்டிருந்தது.

நான் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு அவள் தலையில் ஊற்றினேன், என் துண்டைக் கொடுத்தேன், என் சம்சாரத்தைக் கூப்பிட்டு வேறு சேலை கொண்டுவரச் சொன்னேன். இதெல்லாம் செய்தேன். செய்துவிட்டு, "விடு தாயி, ஒண்ணும் ஆகலல்ல" என்றும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்லப்போவதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்டேஷனுக்குப் போனாள். சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன்தான், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, "காயம் எங்கம்மா?" என்று கேட்டார். அவளிடம் காயம் இல்லை. "தீயே இல்லாத ஊர்ல தீ வச்சான்னு நான் எப்படிம்மா எழுதுறது? கோர்ட்டுல சிரிப்பாங்க" என்றார். அன்று சாயங்காலம் சமுதாயக்கூடத்தில் ஊர்க்கூட்டம். தலைவர் ஆறுமுகச்சாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேச்சிமுத்துவைக் கேட்டார்.

"எத்தன குச்சிடே ஒரசுன?"

"ஒண்ணே ஒண்ணுதான் தலைவரே. சும்மா மெரட்டுறதுக்கு. எப்படியும் பத்தாதுன்னு தெரியாதா எனக்கு?"

கூட்டத்தில் சிரித்தார்கள். தலைவர் என் பக்கம் திரும்பினார். "வேலாயுதம், நீ என்னய்யா பாத்த?"

"நான் போகும்போது பெட்டி கையில இருந்துச்சு தலைவரே."

"ஒரசுனதப் பாத்தியா?"

பேச்சிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அவனுடன் லாரியில் ஏறுகிற பத்துப் பன்னிரண்டு பேரும் காலையும் மாலையும் என் கடையில்தான் நிற்கிறார்கள். அடுத்த வீடு வேறு. எதற்கு வம்பு என்று நினைத்தேன். "சரியாப் பாக்கல" என்றேன். இதைச் சொன்ன வாயை நான் இன்றும் கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

"பத்துச்சா? பத்தல. பெறகென்ன? வீட்டுக்குப் போம்மா" என்றார் தலைவர். சண்முகத்தாய் வீட்டுக்குப் போனாள். வேறெங்கே போவாள்? அதே பின்வாசலில் கோலம் போட்டாள், அதே மனுஷனுக்குச் சோறு கொண்டுவரக் கேட்டைத் தாண்டி நடந்தாள். ஊர் அவர்கள் இரண்டு பேருக்கும் 'பத்தாத குச்சி' என்று பேர் வைத்தது. பத்தாத குச்சி சம்சாரம் போகுது பாரு என்று என் கடையில் சொல்லிச் சிரித்தார்கள். டீ ஆற்றிக்கொண்டே நானும் சிரித்தேன்.

அப்படியே மூன்று வாரம் ஓடி, மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு ரூபவதி டீச்சரின் அலமாரிக்குள் பாட்டிலில் இருந்த முதல் குச்சி தானாகப் பற்றியது. ஆறு விநாடி கழித்து இரண்டாவது. பிறகு மூன்றாவது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, பதினான்கும் தான் உரசிய வரிசையில், தான் உரசிய இடைவெளியில் பற்றி முடியும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஊரில் அடுப்புகள் எரியத் தொடங்கிப் பெண்கள் குலவை போட்டார்கள். குலவை முடிவதற்குள் கணேசன் வீட்டுக் குப்பைத்தொட்டி பற்றியது, பூசாரியின் சட்டைப்பை பற்றியது, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வைக்கோல்போர் பற்றி எரிந்தது.

கோயில் மைக்கில் பேசியது டீச்சர்தான். "எல்லாரும் கேளுங்க. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இது ஏழாங்கிளாஸ் பாடம். நீங்க ஒரசுன குச்சியெல்லாம் பத்தாமப் போகல. அதுக்குள்ள தீ இருக்கு, மூணு வாரம் தாமதமா வருது. எந்தக் கெழமை எந்த நேரத்துக்கு ஒரசுனீங்களோ அந்தக் கெழமை அந்த நேரத்துக்குப் பத்தும். தேடி எடுத்துத் தண்ணியில போடுங்க."

அன்று ஊர் தேடியதுபோல ஒருநாளும் எதையும் தேடியதில்லை. பாயை உதறினார்கள், கூரையைப் பிரித்தார்கள், எந்த நாளில் எங்கே நின்று எத்தனை உரசினோம் என்று கண்ணை மூடி யோசித்தார்கள். பெரிய ஆபீஸின் சிமெண்டுத் தொட்டியில் ஆயிரக்கணக்கில் குச்சி மிதந்தது. நேரம் வந்ததும் ஒவ்வொன்றும் தண்ணீருக்குள்ளேயே மினுக்கென்று ஒரு வெளிச்சம் காட்டி, கொப்புளம் விட்டு, புகையாகப் போனது. தொட்டித் தண்ணீர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருந்ததால் இரண்டாம் நாளே பெண்கள் அங்கே துணி துவைக்க வந்துவிட்டார்கள். எதையும் பழகிக்கொள்கிற சனங்கள் நாங்கள்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் டீச்சர்களுக்கு டீ கொடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். ஏழாம் வகுப்பில் ரூபவதி டீச்சருக்கு எதிரே சண்முகத்தாய் நின்றாள். கையில் ஒரு டிபன் டப்பா.

"டீச்சர், சனிக்கெழம ஒரசுனது சனிக்கெழமதான் பத்துமா?"

"அதே நேரத்துக்கு."

அவள் டப்பாவைத் திறந்து மேசையில் வைத்தாள். உள்ளே துணி விரித்து, தலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கிய பத்துக் குச்சிகள். ஒவ்வொன்றின் மருந்திலும் உரசிய கீறல்.

"ஆபீஸ்ல பெட்டி அடைக்கிற எடத்துல கீழ குச்சி கெடந்தா எடுத்துருவோம் டீச்சர், மிதிச்சா பத்திக்கும்னு. ஒரசி எறியுறவுகளுக்குத்தான் அது குப்ப, எங்களுக்கு இல்ல. மறுநா வாச பெருக்கையில இத எடுத்து வச்சேன்." பிறகு குரலை இறக்கினாள். "பத்துதான் கெடச்சுச்சு. அவுக ஒரசுனது பதினொண்ணு."

"நிச்சயமாத் தெரியுமா?"

"ஒரு பெட்டிக்கு அம்பது குச்சி, கண்ணால பாக்காமலே எண்ணி அடைக்கிறவ டீச்சர் நான். அன்னைக்கும் கண்ண மூடிக்கிட்டேன். எண்ணிக்கிட்டேதான் நின்னேன்."

நான் டம்ளர்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

டீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு நேரே தலைவரிடம் போனார். பேச்சிமுத்துவையும் வரச் சொன்னார்கள். அவன் டப்பாவைப் பார்த்துச் சிரித்தான். "நான் ஒரசுனது ஒண்ணு. மிச்சத்த இவளே ஒரசி வச்சிருக்கா, என்னய உள்ள தள்ள."

"நல்லது. அவங்க வேற நேரத்துல ஒரசியிருந்தா வேற நேரத்துலதான் பத்தும். நீங்க ஒரசியிருந்தா சனிக்கெழம நாலு பத்துக்குப் பத்தும். குச்சிக்கு ஆள் பாத்து நடக்கத் தெரியாது" என்றார் டீச்சர்.

தலைவருக்கு இது பிடித்துவிட்டது; யாரையும் பகைக்காமல் முடிவைக் குச்சியின் தலையில் போட்டுவிடலாம். "சரி, சனிக்கெழம எல்லார் முன்னாலயும் பாப்போம். பத்துச்சுன்னா நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். பத்தலன்னா இந்தப் பேச்ச அத்தோட விட்டுட்டு, அன்னைக்குச் சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போயிரணும் தாயி. பெறகு கூட்டம் கீட்டம் கெடையாது."

சண்முகத்தாய் டப்பாவை மூடினாள். "சரிங்க" என்றாள். அந்த நாலு நாளும் அவள் டீச்சர் வீட்டில் தங்கினாள், டப்பாவை இடுப்பைவிட்டு இறக்கவில்லை என்று டீச்சர் சொன்னார். தண்ணீரில் போட்டுவிடலாமே என்று பயந்து சொன்னவர்களுக்கெல்லாம், "போட்டா யாரு பாப்பா?" என்ற ஒரே பதில்தான்.

காணாமல்போன அந்த ஒன்று எங்கே? அவள் பின்வாசலைத் தேட வேண்டும் என்றாள். பேச்சிமுத்து கதவுக்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்து, "என் வீட்டுக்குள்ள எவன் வாரான்னு பாக்கேன்" என்றான். அடுத்தவன் வீட்டுக்குள் எப்படிப் போவது என்று தலைவர் கையை விரித்தார். புதன் போனது, வியாழன் போனது. டீ குடிக்கிறவர்கள் உரசும் ஒவ்வொரு குச்சிக்கும் நான் திடுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"டீச்சர், பதினோராவது குச்சிய நான் பாத்தேன்."

"எப்ப?"

"அன்னைக்கேதான். அவன் ஒரசி அவமேல எறிஞ்சான். தோளுல பட்டுச் சேலைக்குள்ள விழுந்துச்சு."

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இத இத்தன நாளு எங்க வச்சிருந்தீங்க அண்ணாச்சி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

சேலை எங்கே என்று சண்முகத்தாயிடம் கேட்டோம். அன்று அவிழ்த்துப்போட்ட சேலையைப் பேச்சிமுத்து சுருட்டி எடுத்துப்போனானாம், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் குப்பைமேட்டில் போட்டுவிட்டேன் என்று சொன்னானாம். நானும் டீச்சரும் அவளும் வெயில் சாய்கிறவரை குப்பைமேட்டைக் கம்பால் கிளறினோம். பச்சையில் மஞ்சள் கரை போட்ட சேலை, மண்ணெண்ணெய் வாடை வேறு, கிடந்தால் தெரியாமல் இருக்காது. கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மூன்றரைக்கே தெரு நிறைந்துவிட்டது. நாலு நாளில் மூன்று வைக்கோல்போர் எரிந்திருந்ததால் சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு கான்ஸ்டபிளும் வந்திருந்தார்கள். பேச்சிமுத்து வீட்டுக்கு எதிரே நாலு செங்கல்லை அடுக்கி, மேலே மணல் பரப்பிய தகரத் தட்டில் பத்துக் குச்சிகளையும் டீச்சர் விரலிடை தள்ளி நட்டார். பக்கத்து ஸ்டூலில் பதிவேட்டை விரித்து நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை என்று எழுதி, காண்பன என்ற இடத்துக்குக் கீழே மட்டும் பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். பேச்சிமுத்து வெளியே வரவில்லை. முன்னறையில், கதவைத் திறந்துபோட்டு, எல்லோரும் பார்க்கும்படி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "பதினொண்ணுன்னு சொல்றாளே, அது என் வீட்டுக்குள்ள இருந்தா நான் இப்படி உக்காந்திருப்பனா?" என்று வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டான். அது நியாயமான கேள்வி என்று சிலர் தலையாட்டினார்கள்.

நாலு ஒன்பது. ஆபீஸ் மோட்டார் சத்தம்கூட நின்றிருந்தது. சண்முகத்தாய் தட்டுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நாலு பத்துக்கு முதல் குச்சி பற்றியது.

கூட்டத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "ஒண்ணு" என்றார் டீச்சர், எழுதிக்கொண்டே. உடனே இரண்டாவது, அது முடிவதற்குள் மூன்றாவது, பிறகு நாலாவது. பேச்சிமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்தாவது பற்றவில்லை. கால் நிமிஷம் போனது, அரை நிமிஷம் போனது, தலைவர் தொண்டையைக் கனைத்து, "அவ்வளவுதானா?" என்றார்.

"இல்ல" என்றாள் சண்முகத்தாய். தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இப்ப தெருக்கதவச் சாத்தப் போயிருக்கான்."

அதுவரை அவள் அவனை அவன் என்று சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. ஐந்தாவது பற்றியது. ஆறாவது பற்றியது. ஏழாவது. மறுபடியும் ஓர் இடைவெளி வந்தபோது இந்தமுறை யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் அவள் சொன்னாள். "டின்னுல மிச்சம் இருந்தத ஊத்துறான்."

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எட்டு, ஒன்பது என்று டீச்சர் எண்ணியபோது கூட்டத்தில் பெட்டி அடைக்கிற பெண்கள் அத்தனை பேரும் வாய்க்குள்ளேயே சேர்ந்து எண்ணினார்கள். அந்தப் பின்வாசலில் நாங்கள் யாரும் பார்க்காமல் விட்டது, நான் பார்த்தும் பார்க்கவில்லை என்று சொன்னது, அது எவ்வளவு நேரம் நடந்ததோ அவ்வளவு நேரமும், ஒரு விநாடி கூடாமல் குறையாமல், ஊர் முழுவதும் வெயிலில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. அவ்வளவு நேரமும் அவள் அசையாமல்தான் அங்கே நின்றிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன்.

பத்து. பத்தாவது குச்சி எரிந்து கரியாகி மணலில் சாய்ந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் சண்முகத்தாய்.

உள்ளேயிருந்து பேச்சிமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். தெருவில் ஒரு நூறு பேர் அடுத்த எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தபடி காத்திருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவனும் எண்ணியிருக்க வேண்டும். அவன் முகம் மெல்ல மேலே போனது. முன்னறையின் பரணைப் பார்த்தான், அவன் தலைக்கு நேர் மேலே, பழைய சாக்குகளுக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவே எதையோ பார்த்தான். அடுத்த நொடி நாற்காலி உருண்டது. செருப்பில்லாமல், வேட்டி அவிழ, நிலைப்படியில் தோள் மோதி அவன் தெருவுக்கு ஓடிவந்து மணல்தட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு எங்கள் நடுவே விழுந்தபோது, அந்த வீட்டுக்குள் எங்கேயும் ஒரு பொறிகூட இல்லை. ஒரே ஒரு குச்சிதான் உரசினேன் என்று சொன்னவன், இல்லாத குச்சிக்குப் பயந்து ஓடிவந்திருந்தான். யாரும் அவனைத் தூக்கிவிடவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் நான் சுவரைத் தாண்டிக் குதித்த நொடி எனக்குத் தெரியும். அந்த நொடிக்குச் சற்று முன்னால், குப்பைமேட்டில் போடாமல் அவன் பரண்மேல் சுருட்டித் திணித்திருந்த பச்சைச் சேலைக்குள்ளே பதினோராவது குச்சி பற்றியது. சேலை குப்பென்று எரிந்தது. மஞ்சள் கரை ஒரு முழம் கீழே தொங்கி எரிந்ததை வாசலிலிருந்து எல்லோரும் பார்த்தோம். பிறகுதான் ஆளாளுக்கு ஓடினார்கள், வாளியைத் தூக்கினார்கள், ஆபீஸ் தொட்டியின் வெதுவெதுப்பான தண்ணீரைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பரணும் பாதி ஓடும் போனது, சுவர் நின்றது. சண்முகத்தாய் ஒரு வாளியும் தொடவில்லை, நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை. அவளை யாரும் நகரச் சொல்லவும் இல்லை.

தீ ஏன் நின்றது, ஏன் திரும்பி வந்தது என்று எங்கள் ஊரில் இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. டீச்சர்கூடக் கேட்கவில்லை. பதிவேட்டில் அறிவன என்ற இடத்தில் ஒரு வரிதான் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

கான்ஸ்டபிள் பேச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டான். சப்-இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "அன்னைக்கு நேர்ல பாத்தவங்க யாராச்சும் உண்டா?" என்றார்.

தலைவர் தரையைப் பார்த்தார். நான் முன்னால் வந்தேன். "நான் பாத்தேன் சார். கடைசிக் குச்சிய ஒரசி அவமேல எறிஞ்சதக் கண்ணால பாத்தேன். கூட்டத்துல பாக்கலன்னு பொய் சொன்னேன், அதையும் சேத்து எழுதுங்க" என்றேன். என் கடையில் டீ குடிக்கிறவர்கள் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் என் பெயரை எழுதிக்கொண்டு சண்முகத்தாயிடம் வந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தபோது பேசிய அதே தன்மையான குரலில்தான் கேட்டார். "கேஸ் குடுக்கிறியாம்மா?"

அவள் முதல் தடவையாகக் கவிழ்ந்து கிடந்த தட்டைவிட்டுக் கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே குடுத்துட்டேன் சார். நீங்கதான் இன்னைக்கு வாங்குறீங்க."

அவர் நோட்டில் புதுப் பக்கத்தைப் புரட்டி, அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமையின் தேதியை மேலே எழுதினார்.